பூவும் பூதமும்: செம்போத்து என்ற பெயரைப் பற்றி ஒரு திருத்தம்

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குப் பறவை காட்டிக்கொண்டிருந்தேன். நீர்க்காகம், மடையான், நீலத்தாழைக்கோழி என்று வரிசையாகச் சொல்லி வருகையில், கரையோரப் புதருக்குள்ளிருந்து ‘ஊப்... ஊப்... ஊப்’ என்று ஒரு சத்தம். குழாய்க்குள் வாயை வைத்து ஊதினால் எப்படி இருக்குமோ அப்படி. கொஞ்ச நேரத்தில் சத்தத்துக்குச் சொந்தக்காரர் வெளியே வந்து, நீண்ட வாலைத் தூக்கிக்கொண்டு புல்லில் நடந்தார்.

“அங்கிள், அந்தக் காக்கா ஏன் பிரவுன் சட்டை போட்டிருக்கு?”

“அது காக்கா இல்லம்மா, செம்போத்து.”

“அப்படின்னா?”

“றெக்கை செம்பு மாதிரி இருக்கு பாரு. செம்பை ஒத்தது. செம்பு, ஒத்து. செம்போத்து.”

பிள்ளைகளுக்குத் திருப்தி. எனக்கு அதைவிடத் திருப்தி. எங்கள் கட்டடத்தின் காவலாளியும் கூட வந்திருந்தார். ஓசூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தவர் மெதுவாகச் சொன்னார்: “எங்க வீட்ல இதைக் கெம்பூதம்போம் சார். கெம்புன்னா சிவப்பு. பூதம்னா பூதம்தான். இதுல செம்பு எங்க சார் வருது?”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து பார்க்கப் பார்க்க, பிள்ளைகளுக்கு நான் சொன்ன விளக்கம் தப்பு என்று தெரிந்தது. அது எப்படித் தப்பு, சரியான விளக்கத்துக்கு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதுதான் இந்தக் குறிப்பு. சொற்பிறப்பு என்ற பெயரில் நம்மில் பலர் செய்கிற வேலையைப் பற்றிய விமர்சனமும்கூட. அந்தப் பலரில் நானும் ஒருவன் என்பதால் தைரியமாகவே விமர்சிக்கலாம்.

முதலில் பறவை

பேரைப் பிரிப்பதற்கு முன்னால் ஆளைப் பார்த்துவிடலாம். காக்கை அளவு உடம்பு, கருநீலம் பளபளக்கும் கறுப்பு. இறக்கை மட்டும் செங்காவி. கண் இரத்தச் சிவப்பு. வால் நீளம், பறப்பதில் பெரிய நாட்டமில்லை. புதருக்குள் நுழைந்து நுழைந்து நடந்தே நத்தை, ஓணான், புழு, சிறு பாம்பு, பிற பறவைகளின் முட்டை என்று கிடைப்பதைத் தின்னும். குயில் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் குயிலைப் போல் அடுத்தவர் கூட்டில் முட்டையிடாது. அடர்ந்த புதரில் தானே கூடு கட்டி, தானே குஞ்சு வளர்க்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் வித்தியாசம் கிடையாது. பெண் சற்றே பெரிது. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தமிழில் இதற்குப் பெயர்கள் நிறைய. செம்போத்து, செம்பகம், செண்பகம், செங்காகம், கள்ளிக்காக்காய். நிகண்டு வழி வந்த அகராதிகளில் குக்கில் என்ற சொல்லுக்கும் செம்போத்து என்று பொருள் இருக்கிறது. இந்தப் பெயர்களை மூன்று கட்டாகப் பிரிக்கலாம். குக்கில் பறவையின் சத்தத்தைப் பிடித்த பெயர். மலையாளத்தில் உப்பன், வங்காளத்தில் குபோ என்பவையும் அந்த வகைதான். கள்ளிக்காக்காய் அது இருக்கும் இடத்தைச் சொல்வது. தெலுங்கிலும் ஜெமுடு காகி, அதாவது அதே கள்ளிக்காக்கை. இவை இரண்டிலும் சிக்கல் இல்லை. ‘செம்’ என்று தொடங்கும் மூன்றாவது கட்டில்தான் ஆளாளுக்குக் கதை சொல்கிறோம்.

‘செம்பை ஒத்தது’ ஏன் நிற்காது

நான் சொன்ன விளக்கத்தை மூன்று இடத்தில் தட்டிப் பார்க்கலாம்.

முதலாவது, உயிரின் நீளம். செம்பு + ஒத்து என்று சேர்த்தால் வருவது செம்பொத்து, குறில். பறவையின் பெயரோ செம்போத்து, நெடில். ‘அந்தக் காலத்து ஏட்டில் குறில் நெடில் வித்தியாசம் ஏது?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுத்தைத் திருத்தும்வரை ஒகரத்தையும் ஓகாரத்தையும் ஏட்டில் பிரித்து எழுதும் வழக்கம் ஒழுங்காக இல்லை. ஆகவே பழைய எழுத்து இதில் சாட்சி சொல்லாது. ஆனால் வாய் சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதை நெடிலாகத்தான் சொல்கிறார்கள். மலையாளத்திலும் செம்போத்து, அதே நெடில். கன்னடத்துக் கெம்பூதத்தில் உயிர் ஓகாரத்திலிருந்து ஊகாரமாக மாறியிருக்கிறது, ஆனாலும் நெடிலாகவே நிற்கிறது. மூன்று மொழிக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு குறிலை நீட்டியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, பெயர் முடியும் விதம். தமிழில் பறவைப் பெயர்கள் எப்படி முடிகின்றன என்று பாருங்கள். மீன்கொத்தி, மரங்கொத்தி, வாலாட்டி, முக்குளிப்பான், பஞ்சுருட்டான். வினையிலிருந்து பிறந்தாலும் முடிவில் ஓர் ஆளைக் குறிக்கும் விகுதி இருக்கும். இல்லாவிட்டால் தேன்சிட்டு, தாழைக்கோழி என்று பெயர்ச்சொல்லில் முடியும். ‘ஒத்து’ என்பதோ வினையெச்சம். ‘செம்பை ஒத்து’ என்றால் வாக்கியம் இன்னும் முடியவில்லை. அந்தரத்தில் நிற்கும் எச்சத்தை யாரும் ஒரு பறவைக்குப் பெயராக வைப்பதில்லை.

மூன்றாவது, காவலாளி கேட்ட கேள்வி. இதுதான் வலுவானது. தமிழில் ‘செ’, ‘சி’ என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ‘கெ’, ‘கி’ என்று தொடங்கும். நமக்குச் செவி, அவர்களுக்குக் கிவி. நமக்குச் சிறு, அவர்களுக்குக் கிரு. நமக்குச் செம்மையின் செம், அவர்களுக்குக் கெம். இதில் பழையது ககரம். இகர எகரங்களுக்கு முன்னால் நின்ற ககரம் தமிழில் சகரமாக மாறியது, கன்னடத்தில் மாறாமல் நின்றது. (கிளி, கெடு போன்ற சொற்கள் தமிழிலும் தப்பித்துக்கொண்டதற்குக் காரணம் அடுத்து வரும் ளகர, டகரம். நாக்கை மடித்துச் சொல்லும் அந்த ஒலிகளுக்கு முன்னால் இந்த மாற்றம் நடக்கவில்லை.)

இப்போது கெம்பூதத்தைப் பாருங்கள். கன்னடக்காரர்கள் இந்தப் பெயரைத் தமிழிலிருந்து பிற்காலத்தில் கடன் வாங்கியிருந்தால் ‘செம்’ என்றுதான் தொடங்கியிருக்கும். சொம்புப் பாத்திரத்துக்குக் கன்னடத்தில் செம்பு என்றே சகரத்தோடு ஒரு சொல் இருக்கிறது. பறவைப் பெயர் அதனோடு சேரவில்லை. கெம் என்று நிற்கிறது. அதாவது அவர்களுடைய சொந்த ‘சிவப்பு’. ஆக, பெயரின் முதல் பாதி செம்பு என்ற உலோகம் அல்ல, செம் என்ற நிறம். தமிழும் கன்னடமும் தனித்தனி மொழியாவதற்கு முன்பே இந்தப் பெயர் இருந்திருக்கலாம் என்று நினைக்கவும் இடமிருக்கிறது. குறைந்தபட்சம், இது தமிழுக்கு மட்டும் சொந்தம் என்று பட்டா எழுத முடியாது.

மூன்று அடியிலும் என் விளக்கம் விழுந்துவிட்டது.

போத்து யார்?

செம் போனால் மிச்சம் போத்து. இது தனிச்சொல்லாகவே நம்மிடம் உண்டு. தொல்காப்பிய மரபியலில் விலங்கு பறவைகளின் ஆண்பாற் பெயர்களைச் சொல்லும் இடத்தில் போத்தும் ஒன்று. பெற்றம், எருமை, புலி, மரை, புல்வாய் இவற்றின் ஆணுக்கு அது பெயர். நீர்வாழ் உயிர்களுக்கும் உண்டு, மயிலுக்கும் எழாலுக்கும் வரும் என்கிறது மரபியல். அதாவது பறவையைப் போத்து என்று அழைப்பது புதுசில்லை.

பக்கத்து மொழிகளில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு நடமாடுகிறது. மலையாளத்தில் போத்து என்றால் எருமைக்கடா. கேரளத்து உணவகத்தில் சாப்பிட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தெலுங்கில் துன்னபோத்து என்றால் அதே கடாதான். கன்னடத்தில் ஹோத என்றால் ஆட்டுக்கிடா. பழைய பகரம் அங்கே ஹகரமாகும் என்பது தெரிந்ததுதான். நம் பாலும் அவர்கள் ஹாலும் போல.

ஆகவே செம்போத்து என்றால் செம்மையான ஆண், சிவந்த கடா. கன்னடத்திலும் ஒரு காலத்தில் கெம்போத என்பது போன்ற வடிவம் இருந்திருக்க வேண்டும். தனியாக நின்ற போத என்பது ஹோத ஆகிவிட்டது. கூட்டுச்சொல்லுக்குள் மகரத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்த போத மட்டும் அப்படியே தங்கிவிட்டது. பிற்காலத்தவர் காதில் அந்தப் ‘போத’ அர்த்தமில்லாமல் விழுந்திருக்கும். அர்த்தமில்லாத பாதியை அர்த்தமுள்ளதாக்க மனம் சும்மா இருக்காது. பக்கத்தில் கிடைத்த சொல் பூதம். சிவந்த கண், புதருக்குள்ளிருந்து வரும் ஊப் ஊப் சத்தம் எல்லாம் பூதத்துக்குப் பொருத்தமாகவும் இருந்தது. கன்னடத்தில் மயிலைப் பார்த்துக் கெம்பூதம் சிறகை விரித்த கதையாகப் பழமொழியே இருக்கிறது, நம் வான்கோழி பழமொழியின் அண்ணன் தம்பி போல. அந்த ஊரில் வான்கோழியின் வேஷத்தைக் கட்டுவது இந்தப் பறவைதான்.

சரி, ஆண் என்ற இடத்தில் ஒரு தடை வரும். முன்னால் மனதில் வைக்கச் சொன்னேனே, இதில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி, பெண்தான் பெரிது. அப்படியிருக்க இனம் முழுவதையும் ஏன் போத்து என்று அழைக்க வேண்டும்?

பறவைப் பெயர்களுக்குள்ளேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பில் கூழைக்கடாவைப் பார்த்திருப்பீர்கள். கடா என்றால் ஆண் எருமை, ஆண் ஆடு. ஆனால் பெண் கூழைக்கடாவும் கூழைக்கடாதான். ‘கூழைக்கடாவின் பெண்’ என்று சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. அங்கே கடா என்பது பாலைச் சொல்லவில்லை, பருமனைச் சொல்கிறது. தாழைக்கோழி, நாமக்கோழி, கானாங்கோழி எதுவும் கோழி இனத்தைச் சேர்ந்தவையல்ல. அங்கே கோழி என்பது தரையில் நடந்து மேயும் வாழ்க்கையைச் சொல்கிறது. விலங்கு பறவைகளின் பெயரை எடுத்து, அதில் ஒரு குணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உதறிவிடுவது நம் ஆட்கள் பெயர் வைக்கும் முறை. அந்த வரிசையில் போத்தையும் வைத்தால் தடை நீங்குகிறது. கனத்த உடம்போடு புல்லைத் தள்ளிக்கொண்டு, அவசரமில்லாமல் நடக்கும் கறுத்த பறவை. அதில் சிவப்பு இறக்கை. பார்த்தவர்கள் ‘செம்போத்து’ என்றிருக்கிறார்கள்.

இதில் எதற்கு எவ்வளவு எடை என்பதையும் சொல்லிவிட வேண்டும். செம் என்பது நிறம், போத்து என்பது ஆண் விலங்கைக் குறிக்கும் பழைய சொல் என்ற இரண்டும் பல மொழிச் சான்றுகளில் நிற்கின்றன. பருமனுக்காக அப்படி அழைத்தார்கள் என்பது கூழைக்கடாவை வைத்து நான் செய்யும் ஊகம். முதலிரண்டுக்கும் உள்ள பலம் மூன்றாவதற்கு இல்லை. சொற்பிறப்பு எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே குரலில் சொல்வதுதான் முதல் கோளாறு.

செண்பகம் பூவா?

ஈழத்திலும் நம் தென் மாவட்டங்களிலும் இந்தப் பறவை செண்பகம். உடனே ‘செண்பகப்பூ நிறத்தில் இருப்பதால்’ என்று ஒரு விளக்கம் வரும். அதற்கு அடுத்தபடியாக, பூவின் பெயர் சம்பகம் என்ற வடசொல், ஆகவே பறவையின் பெயரும் வடசொல் என்று இன்னொன்று வரும். இதற்குப் போட்டியாக, அப்படியானால் பூவின் பெயரே தமிழ்தான் என்று மூன்றாவது அணி கிளம்பும்.

பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதல் விளக்கத்தின் கதி தெரிந்துவிடும். செண்பகப்பூ மஞ்சள், நன்றாக விரிந்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சள். பறவையின் இறக்கை செங்காவி, உடம்பு கறுப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே நிறம் என்று சொல்ல மஞ்சள் விளக்கு வெளிச்சம் வேண்டும்.

பூவின் பெயர் பேச்சில் செம்பகம் என்றும் வழங்கும், மலையாளத்திலும் பூவுக்குச் செம்பகம்தான். பறவையின் பெயரும் ‘செம்’ என்று தொடங்குகிறது. போத்து என்ற பாதியின் பொருள் பேச்சுத் தமிழில் மறந்துபோன பிறகு, ‘செம்...’ என்று தொடங்கும் பறவைப் பெயரை அதே ஒலியில் தொடங்கும், எல்லோருக்கும் தெரிந்த பூவின் பெயர் இழுத்துக்கொண்டது என்பதே எனக்கு நெருக்கமாகப் படுகிறது. செம்பகம் ஆனதும், எழுதத் தெரிந்தவர்கள் அதைக் கொச்சை என்று நினைத்துச் ‘செண்பகம்’ என்று திருத்தியிருப்பார்கள். அதற்குப் பிறகு நிறம் காரணம் என்று விளக்கம் சொல்வது எளிது.

இப்படிப் பார்த்தால் இரண்டு மொழியிலும் நடந்திருப்பது ஒரே காரியம். பொருள் மறந்த பாதி, கன்னடத்தில் பக்கத்திலிருந்த பூதத்தைப் போய்ப் பிடித்தது, தமிழில் ஒரு பூவை. பறவை அதே பறவை. இதில் வடமொழியா தமிழா என்ற சண்டைக்கு இடமே இல்லை. பூவின் பெயர் எங்கிருந்து வந்தது என்பது பூவின் வரலாறு, பறவை அதில் பிற்பாடு போய் ஒட்டிக்கொண்ட ஆள்.

இந்த ஒட்டுதல் எவ்வளவு சுலபம் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே உதாரணம் சொல்கிறேன். அடுத்த ஊர் செம்பாக்கம். அங்கேயும் ஏரி உண்டு, புதர் உண்டு, இந்தப் பறவையும் உண்டு. ‘செம்பகம் நிறைந்ததால் செம்பகப்பாக்கம், அது சுருங்கிச் செம்பாக்கம்’ என்று நான் இன்று எழுதிவைத்தால், அடுத்த வருஷம் யாராவது அதை எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். சிட்லபாக்கத்துக்குச் சிட்டுக்குருவியைக் கொண்டுவருவது இன்னும் சுலபம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆதாரம் என்று கேட்டால் ஒரு கல்வெட்டு கிடையாது, காதுக்கு இனிமை ஒன்றுதான் உண்டு.

தற்செயல் என்று ஒன்று உண்டு

ஒலி ஒத்துப்போவதைவிட ஏமாற்றுவது பொருள் ஒத்துப்போவது. ஆங்கிலத்தில் இந்தப் பறவைக்கு இப்போது வழங்கும் பெயர் கூக்கல். பிரெஞ்சில் குயிலுக்கு உள்ள சொல்லையும் வானம்பாடிக்கு உள்ள சொல்லையும் சேர்த்துச் செய்தது அது என்பார்கள். குயில் இனம், ஆனால் பின்விரல் நகம் வானம்பாடியைப் போல் நீளம் என்பது காரணம். மராத்தியில் இந்தப் பறவையின் பெயர் பாரத்வாஜ். சமஸ்கிருத அகராதியில் பரத்வாஜம் என்ற பறவைக்கு வானம்பாடி என்று பொருள் தரப்பட்டிருக்கிறது.

பாருங்கள், பிரெஞ்சிலும் வானம்பாடி, சமஸ்கிருதத்திலும் வானம்பாடி! இதை வைத்து ஓர் இந்தோ-ஐரோப்பியக் கட்டுரை எழுதிவிடலாம் போல் கை அரிக்கும். ஆனால் பிரெஞ்சுச் சொல் அண்மைக்காலத்தில் பறவையியலாளர்கள் மேஜையில் உருவானது, மராத்திக்காரர்கள் அதைக் கேட்டுப் பெயர் வைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே எந்தப் பாதையும் கிடையாது. வெறும் தற்செயல்.

அறிவியல் பெயரும் இப்படித்தான் காலை வாரும். இதன் பேரினம் சென்ட்ரோபஸ், கிரேக்கத்தில் ‘முள் கால்’ என்று பொருள். சிற்றினம் சைனென்சிஸ், ‘சீனத்தது’. தென்னிந்தியாவில் காணப்படும் உள்ளினத்துக்கு 1913-ல் ஸ்ட்ரெஸ்மான் வைத்த பெயர் பேரட்டி. கிளிக்கும் இதற்கும் என்ன உறவு என்று யோசிக்க வேண்டாம். கார்ல் பேரட் என்ற ஜெர்மானியப் பறவையியலாளரின் பெயர் அது. இந்தத் தகவல் எழுதப்படாமல் போயிருந்தால், நூறு வருஷம் கழித்து யாராவது ‘கிளியைப் போல் வால் நீண்டதால்’ என்று காரணம் கண்டுபிடித்திருப்பார்கள். வெள்ளைக்காரர்கள் முன்பு வைத்த பெயரோ காக்கை-ஃபெசன்ட். இது காக்கையும் இல்லை, ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வகையும் இல்லை. இந்தியாவுக்குப் புதிதாக வந்த துரைமார் இதை ஃபெசன்ட் என்று நினைத்துச் சுட்டுச் சமைத்து, வாயில் வைக்க முடியாமல் துப்பினார்களாம். தப்பான பெயரை நம்பினால் நாக்குக்கும் கேடு.

கூட்டில் இருக்கும் வேர்

இதெல்லாம் பொழுதுபோகாதவன் வேலை என்று தோன்றலாம். பேருக்கு அர்த்தம் செம்போ கடாவோ, பறவைக்கு என்ன நஷ்டம்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் தெருக்கோடியில் வீடு கட்டாத ஒரு மனை. கருவேலமும் கோரையும் மண்டிக் கிடக்கும். அதற்குள் ஒரு ஜோடி செம்போத்து இருந்தது. ஒரு நாள் மாலை இரண்டு இளைஞர்கள் உள்ளே புதரை விலக்கிக்கொண்டிருந்தார்கள். என்னப்பா என்றேன். “செண்பகக் கூடுண்ணே. அதுல ஒரு வேர் இருக்கும். இரும்புச் சங்கிலியையே அறுத்துடுமாம். ஆத்துல போட்டா எதிர்த்துப் போகும்.”

இந்தக் கதை நெடுநாளாக நம்மிடம் இருக்கிறது. குஞ்சின் காலைச் சங்கிலியால் கட்டிவைத்தால், தாய்ப்பறவை சஞ்சீவி மூலிகை கொண்டுவந்து அதை அறுத்துவிடும் என்பது. கேரளத்தில் இதையே நீலக்கொடுவேலி என்ற பெயரில் உப்பன் கூட்டோடு சேர்த்துச் சொல்வார்கள். இதன் கறி நெஞ்சுச்சளிக்கும் காசத்துக்கும் மருந்து என்ற நம்பிக்கையும் உண்டு. இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட பறவை, கூட்டைக் கலைப்பதும் குற்றம். அதைச் சொன்னதும் பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள். ஆனால் கூடு அதற்குள் கீழே வந்திருந்தது. ஓலைக்கீற்றும் கோரையும் குச்சியும்தான். வேர் ஏதும் இல்லை. ஒரு வெள்ளை முட்டை உடைந்து கிடந்தது.

அவர்களைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது வேறு. அவர்கள் செய்ததும் ஏரிக்கரையில் நான் செய்ததும் அடிப்படையில் ஒரே வேலை. கேட்க நன்றாக இருக்கிற ஒரு கதை கிடைத்தது, பறவையைப் போய்ப் பார்க்காமல் அதை நம்பினோம். என் கதையால் ஒரு சொல் சிதைந்தது. அவர்கள் கதையால் ஒரு கூடு போயிற்று. அளவில் வித்தியாசம் உண்டு, பழக்கம் ஒன்றுதான்.

பிறகு என்ன செய்யலாம்

வழி தெரியாமல் இல்லை. பி. எல். சாமி ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ எழுதியபோது பாட்டை ஒரு கையிலும் பறவையியலை மறு கையிலும் வைத்துக்கொண்டார். க. ரத்னம் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ தொகுத்து, ஊருக்கு ஊர் மாறும் பெயர்களை அகராதிக்கு வெளியே தேடிக் கொண்டுவந்தார். இவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. எடுத்த முறையை ஏற்கலாம். ஒரு பெயருக்குப் பொருள் சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேட்டால் போதும். ஒலி விதி இதற்கு இடம் கொடுக்கிறதா? பக்கத்து மொழிக்காரர் என்ன சொல்கிறார்? பறவை அப்படித்தான் இருக்கிறதா? முதல் கேள்விக்குப் புத்தகம் வேண்டும். மற்ற இரண்டுக்கும் காவலாளியும் ஏரிக்கரையும் போதும்.

அவசரமும் இருக்கிறது. ஏரிக்கரைக்கு நடைபாதை வந்தது நல்லதுதான். மாலையில் நானும் அதில்தான் நடக்கிறேன். ஆனால் ‘சுத்தம் செய்வது’ என்றால் நம் அகராதியில் புதரை வெட்டுவது என்று பொருள். கொக்கும் நாரையும் தண்ணீர் இருந்தால் வந்துவிடும். செம்போத்துக்குப் புதர் வேண்டும். புதர் போனால் பறவை போகும், பறவை போனபின் பெயர் மட்டும் தனியாக நிற்காது. பிரவுன் சட்டை போட்ட காக்கா என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளை மறுபடி அழைத்துப்போனேன். போன தடவை சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டு, சிவப்புக் கடா, பூதம், பூ எல்லாக் கதையையும் சொன்னேன். காவலாளியையும் கன்னடத்துப் பெயரைச் சொல்லச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பூதம்தான் பிடித்தது. “அப்போ நாங்க கெம்பூதம்னே கூப்பிடலாமா அங்கிள்?” என்று ஒரு பெண் கேட்டாள்.

கூப்பிடலாம் என்றேன். எந்தப் பெயரைச் சொன்னாலும், எந்தப் பறவையைச் சொல்கிறோம் என்று தெரிந்தால் சரி. அவள் உடனே புதர்ப் பக்கம் திரும்பி நின்று, அது வெளியே வரும்வரை காத்திருந்தாள்.